முன்னொட்டு: தமிழில் உண்டா? மற்ற மொழிகளில் அதற்கு என்ன வேலை?

நடுப்பக்கம் எழுதியது:

கிழக்கு ஆப்பிரிக்க மொழியான ஸ்வாஹிலி படிக்க ஆரம்பித்ததிலிருந்து ஒரு கேள்வி விடாமல் துரத்துகிறது: சொல்லுக்கு முன்னால் ஒட்டும் துண்டு, அதாவது முன்னொட்டு, தமிழில் உண்டா? அந்த மொழியில் வினைச்சொல்லின் பெரும்பாலான வேலை வேருக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. 'நிதகுபெண்டா' என்று ஒரு சொல். நி என்றால் நான், த எதிர்காலம், கு என்றால் உன்னை. கடைசியில் நிற்கும் பெண்டாதான் 'நேசி' என்கிற வினை. நாம் 'நேசிப்பேன்' என்கிறோம். வினை முதலில் வந்துவிடுகிறது, காலமும் ஆளும் பின்னால் வருகின்றன. எதிர்மறையும் அவர்களுக்கு முன்னால்தான்: நி இருந்த இடத்தில் சி வைத்தால் 'சிதகுபெண்டா', நேசிக்க மாட்டேன்.

பெயர்ச்சொல்லில் இன்னும் வேடிக்கை. 'கிதாபு கிகுப்வா கிமெஅங்குகா' என்றால் பெரிய புத்தகம் விழுந்துவிட்டது. புத்தகங்கள் என்றால் மூன்று சொல்லிலும் கி போய் வி வரும்: 'விதாபு விகுப்வா விமெஅங்குகா'. பன்மை, பெயரடை, வினை எல்லாம் ஒரே முன்னொட்டில் கோத்துக்கொள்கின்றன. இதில் கிதாபு என்பது அரபிச் சொல். அரபியில் அந்த 'கி' வேரின் பகுதி. ஸ்வாஹிலிக்காரர்கள் அதைத் தங்கள் முன்னொட்டாகவே எடுத்துக்கொண்டு பன்மையும் செய்துவிட்டார்கள். போக்குவரத்து வட்டத்துக்கு 'கீப் லெஃப்ட்' என்ற ஆங்கிலப் பலகையிலிருந்து 'கிபிலெஃப்தி' என்று சொல் வந்தது. அதன் பன்மை 'விபிலெஃப்தி'.

இப்போது நம் பக்கம் வருகிறேன். நன்னூல் ஒரு சொல்லுக்குள் என்னென்ன உறுப்புகள் இருக்கலாம் என்று பட்டியல் போடுகிறது: 'பகுதி விகுதி இடைநிலை சாரியை சந்தி விகாரம்'. ஆறே ஆறு. முன்னொட்டு என்ற ஒன்றுக்கு அங்கே நாற்காலியே கிடையாது. பவணந்தி மறந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. என் கருத்து இது: தமிழில் சொல்லுக்கு முன்னால் எதை ஒட்டினாலும் அது பொருளைத் தொடும், இலக்கணத்தைத் தொடாது. காலம், இடம், எண், வேற்றுமை, எதிர்மறை எல்லாம் பின்னால்தான். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

அநீதி, அசுத்தம், அவமானம், உபகாரம், பிரதிபலன், துர்நாற்றம். இதெல்லாம் என்னவாம்? தினமும் பேசுகிற சொற்கள். அநீதியில் அ எதிர்மறைதானே? எதிர்மறை பின்னால்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

---

ஆய்தம் எழுதியது:

தம்பி, அவை எல்லாம் ஒட்டோடு சேர்ந்தே வடமொழியிலிருந்து வந்தவை. நாம் ஒட்டிக்கொண்டவை அல்ல. ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். தமிழ்ச் சொல் ஒன்றை எடுத்து அதற்கு முன்னால் இந்த 'அ'வைப் போடுங்கள். 'அஉண்மை', 'அஅழகு' என்று யாராவது சொல்வார்களா? பொய்ம்மை, அழகின்மை என்றுதான் போவோம்.

நாம் அதை உள்ளே பிரித்துப் பார்ப்பதே இல்லை என்பதற்கு இன்னொரு சாட்சி: அநாதி, அநாதை. பார்வைக்கு ஒரே அச்சு. ஆனால் அநாதி என்பது அந் + ஆதி, அதாவது தொடக்கம் இல்லாதது. அநாதை என்பது அ + நாதன், தலைவன் இல்லாத ஆள். உயிரெழுத்துக்கு முன்னால் அந்த மொழியில் ஒரு 'ந்' கூடும், அவ்வளவுதான். இந்த வித்தியாசம் தெரியாமலேயே இரண்டு சொல்லையும் சரியாகப் பேசுகிறோம். நமக்கு அவை பிரியாத முழுச் சொற்கள், அதனால்தான்.

ஆனால் எல்லாக் கடன் ஒட்டும் அப்படிப் பெட்டிக்குள்ளேயே கிடக்கவில்லை. 'உப'வும் 'அதி'யும் வெளியே வந்துவிட்டன. உபதலைவர், உபதொழில், அதிவிரைவு. தலைவர், தொழில், விரைவு மூன்றும் தமிழ். ஆக, 'அ' நமக்கு ஒட்டாகவில்லை, 'உப' ஆகிவிட்டது. ஏன் ஒன்று ஆயிற்று, ஒன்று ஆகவில்லை? 'அ' செய்ய வேண்டிய வேலைக்கு நம்மிடம் ஏற்கெனவே இன்மையும் அற்றதும் இல்லாததும் இருக்கின்றன. காலியிடம் இல்லை.

நடுப்பக்கம், உங்கள் விதிக்கு ஒரு முள்: அஃறிணை. அல் + திணை. தமிழ் எதிர்மறை, தமிழ்ச் சொல், முன்னால் நிற்கிறது. அல்வழி என்பதும் அப்படியே.

---

இரவுப்பறவை எழுதியது:

கடன் என்று பேசும்போது வடமொழியோடு நிறுத்திவிடுகிறீர்கள். பாரசீகத்தில் 'பே' என்றால் இல்லாத. பெயருக்கு 'நாம்'. பெயர் இல்லாமல் வாங்கிய சொத்து 'பேநாமி', நம் வாயில் பினாமி. நம்பிக்கைக்கு அரபியில் 'ஈமான்', அது இல்லாதவன் 'பேஈமான்', நம் தெருவில் பேமானி. திட்டுகிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது, உள்ளே ஒரு முன்னொட்டு உட்கார்ந்திருக்கிறது.

அரபியில் இடப்பெயர்களுக்கு 'ம' வரும். மூன்று மெய்கள்தான் வேர். ஸ-ஜ-த என்றால் விழுந்து வணங்கு, மஸ்ஜித் வணங்கும் இடம். த-ர-ஸ படி, மத்ரஸா படிக்கும் இடம். ஜ-ல-ஸ உட்கார், மஜ்லிஸ் அமரும் இடம், அதாவது அவை. ஆனால் வெறும் 'ம'வை ஒட்டினால் போதாது, வேருக்குள் இருக்கும் உயிர்களும் கூடவே மாற வேண்டும். அதனால் இதை முன்னொட்டு என்பதைவிட அச்சு என்பதே சரி.

---

தொடரி எழுதியது:

நடுப்பக்கம் சொன்ன 'பொருள்' - 'இலக்கணம்' பிரிவினை ரஷ்ய மொழியில் கால் வைத்ததும் நொறுங்கும். 'பிஷு' என்றால் எழுதுகிறேன். முன்னால் 'ந' சேர்த்தால் 'நபிஷு'. பொருள் 'எழுதி முடிப்பேன்'. கவனியுங்கள், விகுதி மாறவே இல்லை. இரண்டிலும் கடைசியில் அதே உ தான். முன்னொட்டு வந்ததும் நிகழ்காலம் எதிர்காலமாகிவிட்டது! காரணம் இது: 'ந' செயலை முழுமை பெற்ற ஒன்றாக மாற்றுகிறது. முடிந்த முழுச் செயல் 'இப்போது நடந்துகொண்டிருக்கிறது' என்று இருக்க முடியாது. எனவே அந்த வடிவம் தானாக எதிர்காலத்துக்குத் தள்ளப்படுகிறது.

அதே வேரில் வேறு ஒட்டுகளைப் போட்டால் பொருளும் மாறும். பெரெபிசாத் திரும்ப எழுது, பத்பிசாத் கையெழுத்திடு, அபிசாத் விவரி, ஜபிசாத் குறித்துக்கொள். இவை எல்லாமே முழுமை வினைகள். ஆக ஒரே ஒட்டு ஒரு கையால் பொருளையும் மறு கையால் இலக்கணத்தையும் பிடித்திருக்கிறது. இதற்கு நம்மிடம் இணை இருக்கிறது. எழுதினேன், எழுதிவிட்டேன். அந்த 'விடு' செய்வதும் கிட்டத்தட்ட 'ந' செய்வதும் ஒன்று. நாம் பின்னால் வைக்கிறோம், அவ்வளவுதான். முழுக்க ஒன்றல்ல, 'விடு'வில் ஒரு வருத்தமோ நிம்மதியோ ஒட்டிக்கொண்டு வரும்.

ஜெர்மனில் கூத்து வேறு மாதிரி. அங்கே சில முன்னொட்டுகள் கழன்று ஓடும். 'உம்ஃபாரன்' என்று எழுத்தில் ஒரே சொல், உண்மையில் இரண்டு. 'உம்' மீது அழுத்தம் கொடுத்தால் அது பிரியும் ஒட்டு: 'இஷ் ஃபாரெ ஈன் உம்', அவனை மோதித் தள்ளுகிறேன். 'ஃபார்' மீது அழுத்தம் கொடுத்தால் பிரியாத ஒட்டு: 'இஷ் உம்ஃபாரெ ஈன்', அவனைச் சுற்றிக்கொண்டு போகிறேன். வண்டி ஓட்டுகிறவருக்கு இதில் குழப்பம் வந்தால் கதை கந்தல். இறந்தகால எச்ச வடிவத்திலும் இந்தப் பிரிவு தெரியும். பிரிவதற்கு நடுவில் 'கெ' நுழைந்து 'உம்கெஃபாரன்' ஆகும். பிரியாததற்கு 'கெ'யே வராது, 'உம்ஃபாரன்' அப்படியே நிற்கும்.

இன்னொன்று 'பெ'. 'ஆன்ட்வோர்டன்' என்றால் பதில் சொல். கேள்விக்குப் பதில் சொல்ல ஓர் இடைச்சொல் துணை வேண்டும். 'பெஆன்ட்வோர்டன்' என்றால் துணை வேண்டாம், கேள்வி நேராகச் செயப்படுபொருளாக வந்துவிடும். வினை செயப்படுபொருள் குன்றியதா குன்றாததா என்பதையே முன்னொட்டு தீர்மானிக்கிறது. நாம் இந்த வேலையை வேரின் கடைசியில் செய்கிறோம்: திருந்து, திருத்து. ஓடு, ஓட்டு.

---

புள்ளிமயங்கி எழுதியது:

ஒட்டுக்குத் தனிப் பொருள் உண்டா என்பதே பழைய சண்டை. யாஸ்கரின் நிருக்தம் என்ற பழைய வடமொழிச் சொல்விளக்க நூலிலேயே இது வருகிறது. தனியே எடுத்தால் வடமொழி முன்னொட்டுகளுக்குப் பொருள் கிடையாது, பெயரிலும் வினையிலும் இருப்பதை வெளிக்காட்ட மட்டுமே உதவும் என்பது சாகடாயனர் கட்சி. இல்லை, அவற்றுக்குப் பலவகைப் பொருள் உண்டு என்பது கார்க்கியர் கட்சி. இந்த இழையில் நாம் இருநூறு பதிவு போட்டாலும் அதற்கு மேல் போகப் போவதில்லை.

சாகடாயனர் பக்கம் நிற்க எனக்கு ஒரு வேர் போதும்: ஹ்ரு, கொண்டுசெல். 'ஆ' சேர்ந்தால் ஆஹாரம், உணவு. 'ஸம்' சேர்ந்தால் சம்ஹாரம், அழிப்பு. 'பரி' சேர்ந்தால் பரிகாரம். 'வி' சேர்ந்தால் விஹாரம். 'பிர' சேர்ந்தால் பிரஹாரம், அடி (கோயில் பிரகாரம் வேறு). உணவுக்கும் அழிப்புக்கும் அடிக்கும் 'கொண்டுசெல்' எங்கே இருக்கிறது? ஒட்டும் வேரும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று பிறந்திருக்கிறது. மரபுப் பட்டியலில் இப்படி 22 ஒட்டுகள். தொடரி சொன்ன ஜெர்மன் கூத்து இங்கேயும் இருந்தது. வேத மொழியில் இந்த ஒட்டுகள் வினையை விட்டு விலகி நிற்கும், நடுவில் வேறு சொற்கள் வரும். பிற்காலத்தில்தான் வினையோடு இறுகின.

தமிழுக்கு வந்ததும் ஒரு சிக்கல். நமக்கு ஹ இல்லை. அதனால் ஹ்ரு வேரிலிருந்து வந்த ஆஹாரமும், செய் என்ற பொருளுடைய க்ரு வேரிலிருந்து வந்த ஆகாரமும், அதாவது வடிவமும், ஒரே எழுத்தில் முடிகின்றன.

அப்புறம், நன்னூல் பட்டியலில் முன்னொட்டுக்கு நாற்காலி இல்லை என்கிறீர்கள். சரி. அந்த ஆறு பெயர்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். விகாரம் வி + காரம். சந்தி ஸம் + தி. விகுதி வி + க்ருதி. பகுதி பிர + க்ருதி. முன்னொட்டே இல்லாத பட்டியலில் பாதிக்கு மேல் முன்னொட்டோடு வந்த பெயர்கள்!

---

ஆய்தம் எழுதியது:

பகுதியை விடுங்கள். பகு என்ற வேர் இருக்கிறது, தி என்ற விகுதி இருக்கிறது, பகுக்கப்பட்டது பகுதி. பிரகிருதியைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை.

---

புள்ளிமயங்கி எழுதியது:

'பங்கு' என்ற பொருளில் வரும் பகுதி நீங்கள் சொல்வதுதான், ஐயா. சொல்லின் முதனிலை என்ற பொருளில், விகுதிக்கு இணையாக நிற்கும் பகுதி பிரகிருதியின் தமிழ் உருவம் என்பது அகராதிக்காரர்கள் சொல்வது. பிரகிருதி, விகிருதி என்று ஜோடியாகத்தான் அவை வந்தன. உருவம் ஒன்றாகிவிட்டதால் இரண்டும் கலந்துவிட்டன. மற்ற மூன்றை நீங்கள் தொடவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

வடமொழியும் வேண்டாம் பாரசீகமும் வேண்டாம். புத்தம்புது. செக்கச்செவேல். கன்னங்கரிய. தன்னந்தனி. பட்டப்பகல். நட்டநடு. இதெல்லாம் சுத்தத் தமிழ். முன்னால் ஒட்டியிருப்பதற்குத் தனி வாழ்வும் கிடையாது. 'புத்தம்' என்று தனியாகச் சொன்னால் புத்தர்தான் வருவார். இது முன்னொட்டு இல்லை என்றால் வேறு என்ன?

---

தொடரி எழுதியது:

இந்த இழையிலேயே நல்ல பதிவு இதுதான். துருக்கி மொழி நம்மைப் போலவே எல்லாவற்றையும் பின்னால் ஒட்டும் மொழி. அங்கேயும் இதே விதிவிலக்கு இருக்கிறது. 'பெயாஸ்' வெள்ளை, 'பெம்பெயாஸ்' வெள்ளைவெளேர். 'மாவி' நீலம், 'மஸ்மாவி' அடர்நீலம். சொல்லின் முதல் அசையைப் பிய்த்து, ஒரு மெய்யைச் சேர்த்து, முன்னால் வைத்துவிடுகிறார்கள். பின்னொட்டு மொழிகளுக்கும் முன்னால் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. ஆனால் அது உணர்ச்சிக்கான வாசல். மிகுதி, அழுத்தம், வியப்பு. வேற்றுமையோ காலமோ அந்த வழியாக வருவதில்லை. நடுப்பக்கம் சொன்னதற்கு இது ஆதரவுதான், எதிர்ப்பு அல்ல.

---

நிலாமுற்றம் எழுதியது:

மலாயும் இந்தோனேசியமும் யாரும் தொடவில்லையே. 'மெ' என்ற முன்னொட்டு வந்தால் அது செய்வினை, 'டி' வந்தால் செயப்பாட்டு வினை. துலிஸ் எழுது. மெனுலிஸ் எழுதுதல், டிதுலிஸ் எழுதப்படுதல், பெனுலிஸ் எழுத்தாளர்.

இதில் தமிழ் படித்தவர் துள்ளிக் குதிக்க ஓர் இடம் இருக்கிறது. 'மெ' வரும்போது வேரின் முதல் வல்லெழுத்து மறைந்து அதன் இன மெல்லெழுத்து அந்த இடத்தில் உட்காரும். ப போய் ம வரும்: பகாய், மெமகாய். த போய் ந வரும்: துலிஸ், மெனுலிஸ். க போய் ங வரும்: கிரிம், மெஙிரிம். ச போய் ஞ வரும்: சாபு, மெஞாபு. க-ங, ச-ஞ, த-ந, ப-ம. நம் வல்லின மெல்லின இணைப் பட்டியலை யாரோ கொண்டுபோய்க் கொடுத்தது போல இருக்கும். யாரும் கொடுக்கவில்லை, வாயின் அமைப்பு எல்லாருக்கும் ஒன்று.

ஆனால் அகராதி பார்க்கும்போது திண்டாட்டம். அகராதி வேர்ச்சொல் வரிசையில் இருக்கும். 'மெனுலிஸ்' என்று கேட்டால் ம-வில் தேடக் கூடாது, த-வில் தேட வேண்டும். வேரின் முதல் எழுத்தையே முன்னொட்டு தின்றுவிட்டது. எது தின்னப்பட்டது என்று ஊகிக்கத் தெரிந்தால்தான் பொருளே கிடைக்கும். நமக்கு இந்தத் தொல்லை குறைவு. பின்னொட்டு எவ்வளவு நீண்டாலும் சொல்லின் தலை பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

---

நடுப்பக்கம் எழுதியது:

அஃறிணைக்கு என் பதில்: அல் அங்கே ஒட்டு இல்லை, ஒரு வினையடி. அல்லாத திணை என்பதன் தொகை. மின்னஞ்சல், தொலைபேசி, நுண்ணோக்கி, மறுசுழற்சி என்று இன்றைக்குச் செய்யும் கலைச்சொற்களும் இந்த வகைதான். முன்னால் நிற்பது அடைமொழி, வேறொரு சொல்லின் துண்டு. 'நுண்' தனியே நிற்காவிட்டாலும் நுண்மை, நுணுக்கம் என்று அதற்குக் குடும்பம் இருக்கிறது. ஸ்வாஹிலி 'கி'க்கு அப்படி ஒரு குடும்பம் கிடையாது.

எனக்கு உண்மையில் தலைவலி கொடுப்பது நீங்கள் யாரும் எடுக்காத ஒன்று: சுட்டும் வினாவும். அவன், இவன், எவன். அங்கு, இங்கு, எங்கு. முதல் எழுத்து மாறினால் போதும். அதிலும் 'எ' வந்தால் வாக்கியமே கேள்வியாகிவிடுகிறது. 'அவன் வந்தான்', 'எவன் வந்தான்?' இது பொருள் மட்டும் என்று எப்படிச் சொல்வது?

இங்கேயும் நன்னூல்தான் கை கொடுக்கிறது. 'எ யா முதலும் ஆ ஓ ஈற்றும் ஏ இருவழியும் வினாவாகும்மே.' முதலில் வரும் வினாவையும் ஈற்றில் வரும் வினாவையும் ஒரே நூற்பாவில் பிரித்து வைத்திருக்கிறார். இரண்டும் செய்யும் வேலையைப் பாருங்கள். 'எவன் வந்தான்?' என்றால் வந்தது உறுதி, ஆள் யார் என்பதுதான் தெரியவில்லை. 'அவன் வந்தானா?' என்றால் வந்ததே சந்தேகம். முன்னால் வரும் 'எ' வாக்கியத்தில் ஒரு காலியிடத்தைக் காட்டுகிறது. பின்னால் வரும் 'ஆ' வாக்கியம் முழுவதையும் உண்மையா பொய்யா என்று ஆட்டிப் பார்க்கிறது. ஆகவே என் விதியை இப்படி இறுக்குகிறேன்: தமிழில் முன்னால் வருவது தான் ஒட்டிய சொல்லை மட்டும் தொடும். வாக்கியத்தோடு சொல்லைப் பிணைக்கும் வேலை எல்லாம் ஈற்றில்.

---

ஆய்தம் எழுதியது:

இது எனக்குச் சம்மதம். ஒரு சின்னத் திருத்தம் மட்டும். 'அவன்' என்பதில் இருக்கும் அ அகச்சுட்டு. பிரித்தால் 'வன்' என்று பொருளற்ற துண்டுதான் மிஞ்சும். அம்மரம், அப்பையன் என்று வருவது புறச்சுட்டு. அதைப் பிரிக்கலாம், மரமும் பையனும் நிற்பார்கள். முன்னொட்டு என்று எதையாவது சொல்வதாக இருந்தால் புறச்சுட்டைச் சொல்லுங்கள். அவனை விட்டுவிடுங்கள்.

---

தொடரி எழுதியது:

உலக அளவில் பார்த்தால் நாம் பெரும்பான்மைக் கட்சி. மொழியியலாளர் மேத்யூ டிரையர் 969 மொழிகளின் இலக்கண ஒட்டுகளை எடுத்து வகை பிரித்திருக்கிறார். பின்னொட்டின் பக்கம் வலுவாகச் சாய்ந்தவை 406. முன்னொட்டின் பக்கம் வலுவாகச் சாய்ந்தவை 58.

ஏன் இவ்வளவு சாய்வு என்பதற்கு 1985-ல் கட்லர், ஹாக்கின்ஸ், கில்லிகன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் சொன்ன விளக்கம் பிரபலம்: கேட்பவர் சொல்லை அதன் தொடக்கத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார், எனவே முக்கியமான வேர் முதலில் வருவது வசதி. எனக்கு இது பாதிதான் திருப்தி. வசதி என்றால் ஸ்வாஹிலி பேசும் கோடிக்கணக்கானவர்கள் என்ன கஷ்டப்பட்டுக்கொண்டா இருக்கிறார்கள்? அவர்களுக்கு முதல் அசையிலேயே அடுத்து வரப்போவது எந்த வகுப்புப் பெயர், அதாவது 'கி' வகையா வேறு வகையா, என்று தெரிந்துவிடுகிறது, அதுவும் ஒரு வசதிதான்.

இன்னொரு காரணம் வரலாறு. ஒட்டுகள் வானத்திலிருந்து விழுவதில்லை, தனிச் சொற்கள் தேய்ந்து ஒட்டாகின்றன. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில், துணைவினை அதற்கும் பின்னால். தேய்ந்தால் பின்னொட்டுதான் ஆகும். இது இப்போதே நம் வாயில் நடக்கிறது. போய்விட்டான், போயிட்டான். செய்துகொண்டிருக்கிறான், செஞ்சிகிட்டிருக்கான். 'விட்டு'வில் 'ட்டு' மட்டும் மிச்சம். ரஷ்ய, ஜெர்மன் முன்னொட்டுகளில் பலவும் ஒரு காலத்தில் 'மேல்', 'சுற்றி', 'அப்பால்' என்ற தனிச் சொற்கள். வினைக்கு முன்னால் நின்றன, நின்ற இடத்திலேயே ஒட்டிக்கொண்டன.

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

அப்படியானால் ஒரு முன்னொட்டு எப்போதாவது திரும்பவும் தனிச் சொல்லாகுமா? இல்லை ஒட்டினால் ஒட்டியதுதானா?

---

தொடரி எழுதியது:

திரும்பி வந்ததா தெரியாது, ஹங்கேரியனில் ஒட்டு பாதி தனிச் சொல் போலவே நடந்துகொள்கிறது. 'மெக்' என்பது ரஷ்ய 'ந' போல முழுமை காட்டும் ஒட்டு. 'மெக்சினால்தாத்?' என்றால் செய்து முடித்தாயா? 'முடிக்கவில்லை' என்று சொல்ல வேண்டுமானால் ஒட்டு கழன்று வினைக்குப் பின்னால் போகும்: 'நெம் சினால்தம் மெக்'. 'ஆமாம்' என்று சொல்ல வினையே தேவையில்லை. வெறும் 'மெக்' போதும், முடித்துவிட்டேன் என்று பொருள். தமிழில் 'செய்துவிட்டாயா?' என்று கேட்டால் 'விட்டேன்' என்று மட்டும் பதில் சொல்ல முடியுமா? முடியாது, 'செய்துவிட்டேன்' என்று வினையை இழுத்து வந்தாக வேண்டும்.

---

நடுப்பக்கம் எழுதியது:

'ஆச்சு' என்போம். அது வேறு வினை, தெரியும்.

பிலிப்பைன்ஸ் மொழியான டகாலோக் பற்றித் தனிமடலில் கேட்டவருக்கு: சூலாத், சுமூலாத் என்று நடுவில் நுழைவது உள்ளொட்டு, அதற்குத் தனி இழை தொடங்குங்கள். நிலாமுற்றத்துக்குத்தான் அந்தப் பக்கத்து மொழிகள் நன்றாகத் தெரியும் போலிருக்கிறது.